ஒரே பானை, ஒரே உப்பு: எங்கள் வீட்டுப் பிரஷர் கணக்கு

எங்கள் வீட்டில் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு பேர். எழுபதைத் தாண்டிய அத்தை, அதாவது என் மாமியார் ஒருவர், நாற்பதுகளில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஒருவர். எனக்கு இரண்டாவது பிரசவத்தின்போது கடைசி மாதங்களில் பிரஷர் ஏறி, குழந்தை பிறந்த பிறகு இறங்கியது. கர்ப்ப காலத்தில் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகவே வரும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொன்னதால் நானும் விடாமல் அளந்துகொண்டு வருகிறேன். ஆக வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் இது சொந்த விஷயம். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. பிரஷர் ஒருவருக்கு வந்தாலும் அதைக் கட்டுக்குள் வைப்பது மொத்த வீட்டின் வேலை. நோயாளிக்கென்று தனிப் பானை வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அந்தப் பானை சில வாரத்துக்கு மேல் அடுப்பில் ஏறி நான் பார்த்ததில்லை.

அத்தைக்குப் பிரஷர் இருப்பது கண் ஆபரேஷனுக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. புரை முற்றி, எதிரில் வருவது யாரென்றே தெரியாத நிலைமை. ஆபரேஷனுக்கு முன்னால் அளந்தபோது 184/102. நர்ஸ் அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடி அளந்தார், பெரிய மாற்றமில்லை. "முதல்ல பிரஷரைக் குறைச்சிட்டு வாங்க, அப்புறம் கண்ணைப் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அத்தையால் நம்பவே முடியவில்லை. "தலை சுத்தல, மயக்கம் வரல, ஒரு தலைவலிகூட கிடையாது. எனக்கு எப்படி பிரஷர் இருக்கும்?" என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நம் ஊரில் பலரும் கேட்கிற கேள்விதான் இது. பிரஷர் இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு வெளியே தெரிகிற மாதிரி எந்தத் தொந்தரவும் இருக்காது. உள்ளே ரத்தக் குழாய்கள் தடித்து, இதயத்துக்கு வேலை கூடி, சிறுநீரகமும் கண்ணின் விழித்திரையும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும். தலை சுற்றினால் பிரஷர், சுற்றாவிட்டால் இல்லை என்பதை நம்பவே கூடாது. தலைசுற்றலுக்குக் காதில் வரும் கோளாறு, சர்க்கரை இறங்குவது, ரத்தசோகை என்று எத்தனையோ காரணம் உண்டு. மெஷின் கட்டி அளப்பதைத் தவிர பிரஷரைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும் என்று அன்று ஒரு டாக்டர் சொன்னதால்தான் என் வீட்டுக்காரரும் கையை நீட்டினார். 150/96. அவருக்கும் அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை.

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அத்தைக்கு மேல் எண் 130க்குப் பக்கத்தில் வந்தது. கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்து, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, பிறகு யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியே விட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் பெண் ஒருநாள் அளந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 172/98. அந்தப் பெண் கோபப்படவில்லை. மாத்திரை அட்டையை வாங்கி மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு, "பாட்டி, மாத்திரை போட்டதாலதான் அன்னைக்கு நார்மல். நிறுத்துனா பழையபடி ஏறத்தான் செய்யும்" என்றார். நாங்கள் சொன்னால் கேட்காத அத்தை அந்தப் பெண் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷரும் சர்க்கரையும் அளந்து பார்த்து, மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பிரஷர் மாத்திரை அங்கே காசில்லாமல் கிடைக்கும். தனியார் டாக்டரிடம் பார்க்கிறவர்களும் மாதச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மாத்திரையை நிறுத்துவதற்குப் பதில், சீட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகலாம்.

அதற்குப் பிறகு மாத்திரை கொடுக்கும் பொறுப்பை என் மகள் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் ஆச்சிக்கும் அப்பாவுக்கும் அவள் கையால் கொடுத்துவிட்டுத்தான் போவாள். கிழமை போட்ட டப்பாவில் வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி வைக்கிறோம். அன்றைய கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், "போட்டேனா இல்லையா" என்ற குழப்பம் வராது. காலையில் மறந்துவிட்டு அன்றைக்கே ஞாபகம் வந்தால் அப்போதே போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வருகிறதென்றால் விட்டது விட்டதுதான், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் அலட்சியத்தால் நிறுத்துவதில்லை. அத்தைக்கு முதலில் கொடுத்தது அம்லோடிபின். சாயங்காலம் ஆனால் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். கிட்னி போய்விட்டதோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். அந்த மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்கும் என்று டாக்டர் சொல்லி, ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டு வேறு மாற்றிக் கொடுத்ததும் வீக்கம் வடிந்தது. என் வீட்டுக்காரருக்கு எனலாப்ரில் ஒத்துக்கொள்ளாமல் வறட்டு இருமல் வந்தது. அவருக்கும் மாற்றினார்கள். பிரஷருக்கு மாத்திரை வகைகள் நிறைய இருக்கின்றன, ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று உண்டு. நாமாக நிறுத்திவிட்டால் டாக்டருக்கு அது தெரியாது. அடுத்த முறை ஏறி நிற்கிற பிரஷரைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுவார்.

வீட்டில் அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெஷின் வாங்குகிற பலரும் அதை வைத்துத் தங்களைப் பயமுறுத்திக்கொள்கிறார்கள் அல்லது ஏமாற்றிக்கொள்கிறார்கள். மணிக்கட்டில் கட்டுகிற மெஷினை விட மேல்கையில் கட்டுகிறதே நம்பகமானது. பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். வாங்கிய புதிதில் மெஷினை டாக்டரிடம் ஒருமுறை கொண்டுபோய், அவர் அளப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தையை அளப்பது எப்படி என்று சொல்கிறேன். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும் என்று விட்டுவிடுவோம். பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்கிற நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படிய, காலைப் பின்னாமல் உட்கார வேண்டும். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில். மேஜை தாழ்வாக இருப்பதால் ஒரு தலையணையை மடித்து வைப்போம். ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டக் கூடாது, கையை இறுக்குகிற மாதிரி சுருட்டிவிடவும் கூடாது. பட்டை கட்டுகிற நாளில் அத்தை தளர்ந்த கை வைத்த ரவிக்கை போட்டுக்கொள்வார். இதெல்லாம் ஆன பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அத்தைக்குக் கஷ்டம் இதுதான். மெஷின் காற்று ஏற ஆரம்பிக்கும்போதுதான் அவருக்கு எட்டயபுரத்துச் சித்தி வீட்டுக் கல்யாணக் கதை ஞாபகத்துக்கு வரும். ஒருநாள் பேசிக்கொண்டே அளந்ததில் 152. அப்படியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து அளந்ததில் 136. அன்றிலிருந்து யாரும் சொல்லாமல் அவரே பேச்சை நிறுத்திக்கொள்கிறார்.

ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து இரண்டையும் நோட்டில் எழுதுவோம். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் தினமும் காலையில் மாத்திரைக்கு முன்னால் ஒருதரம், ராத்திரி ஒருதரம். மற்ற நாட்களில் தினம் தினம் அளக்கிறதில்லை. நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தால் அந்தக் கவலையிலேயே ஏறும். டாக்டரிடம் 140/90க்கு மேல் இருந்தால் அதிகம் என்பார்கள். வீட்டில் அளப்பதற்கு எல்லைக்கோடு அதைவிடக் கொஞ்சம் கீழே, 135/85. என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே பத்துப் பதினைந்து ஏறிவிடும், வீட்டு நோட்டைக் காட்டிய பிறகுதான் டாக்டர் அளவைக் கூட்டாமல் விட்டார். இதற்கு நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் நார்மலாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்கவும் நோட்டுதான் உதவும். வயதானவர்களுக்கு உட்கார்ந்து அளந்த பிறகு, எழுந்து நின்று ஓரிரு நிமிடம் கழித்தும் எப்போதாவது அளந்து பாருங்கள். நின்றதும் சட்டென்று இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது இப்படிப்பட்டவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிற ஆபத்து உண்டு.

உப்புக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது தூத்துக்குடியில். ஊரைச் சுற்றி உப்பளம், சமையலில் தாராளம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. இதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறவர்களுக்குத் தங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் குழந்தைகளையும் சேர்த்து ஐந்து பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 750 கிராம்தான் ஆக வேண்டும், அதுவும் குழந்தைகளுக்குப் பெரியவர்களை விடக் குறைவாகவே வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசி வரை நின்றதில்லை. மீன் கழுவவும் கீரை அலசவும் போகிற கல் உப்பைத் தனி ஜாடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம், அப்படியும் கணக்கு அதிகமாகத்தான் வந்தது. இதில் ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடைப் பலகாரம் எதுவும் சேரவில்லை.

அத்தைக்கு மட்டும் உப்பைக் குறைத்துத் தனியாகக் குழம்பு வைக்கலாம் என்றுதான் சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாமெல்லாம் மணக்க மணக்கச் சாப்பிட, ஒரு கிண்ணத்தில் சப்பென்று எதையோ ஊற்றி எதிரில் வைத்தால் எழுபது வயதுக்காரருக்கு அது தண்டனை மாதிரி இருக்கும். அவர் எழுந்து போய் ஊறுகாய் ஜாடியைத்தான் எடுப்பார். அதோடு, எங்கள் பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிரஷர் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்கள். அவர்கள் நாக்கு இந்த வயதில் எதற்குப் பழகுகிறதோ அதைத்தான் காலத்துக்கும் கேட்கும். அதனால் பானை ஒன்றுதான், குறைத்தது எல்லாருக்கும்தான்.

ஒரேயடியாகக் குறைக்கவில்லை. அளவுக்கரண்டி ஒன்று வாங்கி, கையால் அள்ளிப் போடுவதை முதலில் நிறுத்தினேன். பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தேன். முதல் சில வாரம் "உப்பு பத்தல" என்ற பேச்சு இருந்தது, அப்புறம் தானாக நின்றுவிட்டது. இப்போது கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தால் பிள்ளைகளே தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறார்கள். நாக்கு நிஜமாகவே மாறுகிறது, அதற்கு ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். பொரியலுக்கு வேகும்போது உப்புப் போடாமல் இறக்கும்போது தூவினால் குறைந்த உப்பே போதுமான மாதிரி தெரியும். சாதத்துக்கும் சப்பாத்தி மாவுக்கும் உப்பு கிடையாது. மோர் சாதத்துக்கு மட்டும் எல்லாரும் அடம்பிடித்தார்கள். கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப் போட்டு, ஒரு சொட்டு எலுமிச்சை பிழிந்து சமாளித்தேன். மீன் குழம்பில் புளியும் மிளகும் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைந்தது யாருக்கும் தெரிவதில்லை.

அப்பளத்தைப் பற்றி ஒன்று. அதில் போடும் உப்பு ஒருபக்கம், அப்பளக்காரம் ஒருபக்கம். இரண்டிலும் சோடியம்தான் இருக்கிறது, பிரஷரை ஏற்றுவதும் அந்தச் சோடியம்தான். பிரெட், பிஸ்கட், உடனடி நூடுல்ஸோடு வருகிற மசாலா, சூப் பொடி எல்லாவற்றிலும் இது உண்டு, நாக்குக்கு உப்பாகவே தெரியாத பிஸ்கட்டில்கூட. வயிறு உப்பினால் அத்தை கரைத்துக் குடிக்கிற சோடா உப்பும், தண்ணீரில் போட்டால் பொங்குகிற பொடியும் அப்படித்தான். கருவாட்டை எங்கள் ஊரில் விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, அந்தக் குழம்புக்கு வேறு உப்பே போடாமல், மாதத்தில் என்றைக்காவது ஒருநாள் வைக்கிறேன்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நிறம் எதுவானாலும் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பிரஷர் அதனால் குறையாது, அயோடினும் கிடைக்காமல் போகும். பொட்டாசியம் கலந்து சோடியத்தைக் குறைத்த உப்பு வேறு விஷயம், அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை ஐந்து வருடம் போலத் தொடர்ந்து பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது, ஆனால் கூடவே எச்சரிக்கையும் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கிற சில மாத்திரைகள் போடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மேல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் அளவு அத்தைக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரே பானையில் சாப்பிடுகிற வீட்டில் யாருடைய சிறுநீரகம் பலவீனமோ அவரை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். அதனால் எங்கள் வீட்டில் சாதாரண அயோடின் உப்பு, அதையே குறைவாக.

உப்பைக் குறைத்தும், மாத்திரை ஒழுங்காகப் போட்டும், ஒரு மாதம் அத்தைக்குப் பிரஷர் இறங்கவே இல்லை. டாக்டர் "வேறென்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். முழங்கால் வலிக்குத் தெருமுனை மெடிக்கலில் 'ஒரு செட்டு' என்று வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார் அத்தை. அதில் ஒன்று டைக்ளோஃபெனாக். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நிறுத்திவிட்டு, வலி அதிகமான நாளில் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைத் தசைக்குச் சின்னப் பயிற்சி என்று மாற்றியதும் எண்கள் இறங்கின. மூக்கடைப்புக்குப் போடுகிற சில ஜலதோஷ மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். நாட்டு மருந்தில் அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு ஒன்றிரண்டு நாள் வாயில் அடக்கிக்கொள்வது வேறு, வாரக்கணக்கில் தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு. அப்படிக் குடித்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற எல்லாவற்றையும், சூரணம், லேகியம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

விரதம் எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். திருச்செந்தூர் பக்கத்திலேயே இருப்பதால் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதத்தை அத்தை இந்த வயதிலும் விடுவதில்லை. விடச் சொல்வதற்கு எனக்கு மனமும் இல்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவைத்துவிடுகிறோம். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போடுவதால் விரதம் கெடாது என்று அத்தையே இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார். சிறுநீரை அதிகம் போக வைக்கிற நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கும் சாப்பிடாத நாளில் அளவை மாற்ற வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாந்தியும் பேதியும் வந்த நாளிலும் இதே கதைதான். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வழக்கமான மாத்திரைகள் அப்படியே போனால் பிரஷர் தாறுமாறாக இறங்கலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அன்றைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

என் வீட்டுக்காரரின் விஷயத்தில் மாத்திரையை விட அதிகம் உதவியது எடை குறைந்ததுதான். லாரி புக்கிங் ஆபீஸ் வேலை, உட்கார்ந்தே இருப்பது, ராத்திரி பரோட்டா சால்னா. கிலோவுக்கு ஒரு புள்ளி அளவில் பிரஷர் இறங்கும் என்று டாக்டர் சொன்னது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, கணக்குப் பார்க்கிற ஆள் இல்லையா. சாயங்காலம் இரண்டு பேருமாக ரோச் பூங்காவில் அரை மணி நேரம் வேகமாக நடக்கிறோம், பிள்ளைகளுக்கு லீவு என்றால் முத்துநகர் கடற்கரைக்குப் போய்விடுகிறோம். அவருக்குக் குறட்டையும் உண்டு, நடுவில் மூச்சே நின்றுபோய்த் திடுக்கிட்டு எழுவார். அது பிரஷரை ஏற்றுகிற நோய் என்பதும், அதற்கென்று தூக்கப் பரிசோதனை இருக்கிறது என்பதும் கேட்ட பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் பகலில் தூங்கி விழுகிற, ராத்திரி இப்படிக் குறட்டை விடுகிற ஆள் இருந்தால் டாக்டரிடம் மனைவிதான் சொல்ல வேண்டும். தூங்குகிறவருக்குத் தான் மூச்சடைப்பது தெரியாது.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் பிரஷர் இருந்தது. போட்டால் போடுவார், விட்டால் விடுவார். ஒருநாள் விடியற்காலையில் எழுந்தவருக்கு வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது, வலதுகை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. வாயுப்பிடிப்பு என்று நினைத்து மதினி தைலம் தேய்த்து, சுடச்சுடக் காபி கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். காபி புரையேறியது. பத்து மணிக்கு மகன் வந்து பார்த்துப் பதறி வண்டி பிடித்தார். போய்ச் சேர்ந்த முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை, அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள். ரத்தக் குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்துக்கு, அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு. அதைப் பொதுவாக, தொந்தரவு ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அண்ணாச்சிக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், மதினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வார்த்தை வருவதில்லை.

அது பக்கவாதம் என்று அவர்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் ஐந்தாவது படிக்கிற பையன் வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிரிக்கச் சொல், வாய் கோணுகிறதா பார். இரண்டு கையையும் நீட்டச் சொல், ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா பார். உன் பெயரைச் சொல்லச் சொல், குழறுகிறதா கேள். மூன்றில் ஒன்று இருந்தாலும் 108. தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் இன்னும் கெடுக்கும். பிரஷர் ஏறியிருக்கிறதே என்று வீட்டிலேயே கூடுதல் மாத்திரை கொடுத்து இறக்கவும் பார்க்கக் கூடாது. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், டாக்டர் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். பக்கவாதம் மாதிரி எதுவும் இல்லாமல் மெஷினில் மட்டும் 180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி அளந்து பார்த்து, இறங்காவிட்டால் அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண் மங்கல் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ்தான்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம், அதையே போட்டோ எடுத்து எல்லார் போனிலும் வைத்திருக்கிறோம். அத்தை, வீட்டுக்காரர், நான், மூன்று பேருக்கும் தனித்தனியாக மாத்திரை பெயரும் அளவும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. கடைசியாக எடுத்த கிரியேட்டினின், சர்க்கரை அளவுகள். வழக்கமான டாக்டரின் போன் நம்பர், மருத்துவக் காப்பீட்டு அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது. கீழே, ராத்திரியிலும் சிடி ஸ்கேன் எடுத்துப் பக்கவாதத்துக்கு ஊசி போடுகிற ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்பது. இந்தக் கடைசி வரிக்காக மட்டும் என் வீட்டுக்காரர் நேரிலேயே போய் விசாரித்துவிட்டு வந்தார். போனில் கேட்டால் எல்லா இடத்திலும் "இருக்கு, வாங்க" என்றுதான் சொல்கிறார்கள். ராத்திரி ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறாரா, ஊசி கையிருப்பில் உண்டா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.